இருபது கேள்விக்கும் முதல் விடை

மூன்று தப்பான விடை வேண்டும், ஒரு கேள்விக்கு மூன்று, அப்போதுதான் அது பரீட்சை என்று மகள் பிரின்சி சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள், அவளுக்கென்ன, கோயம்புத்தூரில் பேங்கில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடலாம், நான் இங்கே திண்டுக்கல்லில் சாப்பாட்டு மேசையில் ஃபோனை உப்பு ஜாடிமேல் சாய்த்துவைத்து ஒரு தப்பான விடைக்கு முக்கால் மணி நேரமாகத் திணறிக்கொண்டிருக்கிறேன். மணி பதினொன்று. பன்னிரண்டுக்குள் ஃபாதர் வில்பிரட்டுக்கு அனுப்ப வேண்டும், அவர் ஒரு முறை பார்த்துவிட்டு இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு அனுப்புவார். பத்தே கேள்வி. ஒரே ஒரு பிள்ளை. ஜெனிட்டா. நாற்பத்தொரு பிள்ளைகள் போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் மறைக்கல்விப் பரீட்சை எழுதினார்கள், நாற்பது பேர் தேறிவிட்டார்கள், ஜெனிட்டா மட்டும் இருபதுக்கு ஒன்பது. பத்து எடுக்காத பிள்ளைக்கு இந்த வருஷம் புதுநன்மை இல்லை என்று ஃபாதர் முதலிலேயே சொல்லிவிட்டார், முதன்முதலாக நற்கருணை வாங்குகிற பிள்ளை என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும் என்கிறார், அதில் தப்பென்ன, சரிதானே. நாளைக்குப் பூசையில் பெயர்களை வாசிப்பார். இன்றைக்கு மறுபரீட்சையில் தேறினால் அவள் பெயரும் உண்டு. இல்லாவிட்டால் அவள் அம்மா பிலோமி தைத்துவைத்திருக்கிற வெள்ளைக் கவுன் அடுத்த வருஷம் போட முடியாது, ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு வருஷத்தில் எவ்வளவு வளரும், என் பிரின்சி அந்த வயதில் புடலங்காய் மாதிரி வளர்ந்தாள், கல்லைக் கட்டித்தான் தொங்கவிட வேண்டும் என்று இவர் கேலி செய்வார். முதல் கேள்வி. இயேசுவின் தாய் யார். மரியாள் என்று அடித்துவிட்டேன். அதற்குக் கீழே இன்னும் மூன்று பெயர் வேண்டும். மாதாவே, உமக்குப் பதிலாக யாரை எழுத.

கோயிலை இடித்துக் கட்டுகிறார்கள், அதனால்தான் இத்தனையும். பூசை தகரக் கொட்டகையில் நடக்கிறது, பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த இடமில்லை என்று ஜூன் மாதத்திலிருந்து ஞாயிறு மாலை ஃபோனில் வகுப்பு. நாற்பத்தொரு சின்னச் சின்னக் கட்டம், ஒரு கட்டத்தில் பிள்ளை, ஒரு கட்டத்தில் மின்விசிறி மட்டும், ஒரு கட்டத்தில் யாரோ தாத்தாவின் முழங்கால். அதையும் இருபத்திரண்டு வருஷம் மரப்பலகையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த மாதிரிதான் நடத்தினேன். பரீட்சையும் ஃபோனிலேயே வைத்துவிடலாம் டீச்சர், அதுவே திருத்திக்கொள்ளும், உங்களுக்கு வேலை மிச்சம் என்று ஃபாதர் சொன்னபோது எனக்குச் சந்தோஷம்கூட. பிரின்சி ஒரு ராத்திரி முழுக்க ஃபோனிலேயே சொல்லிக்கொடுத்தாள், இங்கே தொடு, அங்கே தொடு, சரியான விடையைத் தொட்டுக் காட்டு, இப்போது தப்பான மூன்றைப் போடு. "சாமியைப் பத்தி மூணு பொய்யை நான் எப்படிடி எழுதுவேன்" என்றேன். "பொய் இல்லம்மா, அது சும்மா ஆப்ஷன்." "எழுதினா பிள்ளைங்க வாசிக்கும்ல." "வாசிக்கத்தாம்மா எழுதறது." அவளிடம் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. சின்னப் பிள்ளை வாசித்தது மனசில் அப்படியே ஒட்டிக்கொள்ளும், சரியானதா தப்பானதா என்று பின்னால் யார் பிரித்துக்கொடுப்பார்கள். அதனால் பெயர் கேட்கிற கேள்விகளில் மட்டும் வேறு பெயர்களைப் போட்டேன், மோசேக்குப் பக்கத்தில் நோவா, ஆபிரகாம், எலியா, அவர்களும் நல்லவர்கள்தானே, கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மற்ற கேள்விகளில் பொய் எழுதக் கை வரவில்லை. அதுவும் ஒரு விதத்தில் உண்மைதான் என்கிற மாதிரி மூன்றைத் தேடித்தேடி எழுதினேன். சரியான விடையை எப்போதும் முதலில் வைத்தேன். அது யோசித்துச் செய்ததில்லை. கை அப்படித்தான் போகிறது. வீட்டுப் பீடத்தில் இயேசுவின் சுரூபத்துக்கு மேலே வேறு எதையாவது வைப்போமா. கலைத்துப் போடுகிற ஒரு பொத்தான் உண்டு என்று பிரின்சி சொன்னாள், அதையும் தொட்டுப் பார்த்தேன், தொட்டதும் ஒரு கேள்வியில் ஏரோது மேலே வந்து உட்கார்ந்துகொண்டான், இயேசு நாலாவதாகக் கீழே. உடனே அணைத்துவிட்டேன். இப்போது என்னை உறுத்துவது ஏரோது இல்லை.

வியாழக்கிழமை. அதை நினைக்காமல் இந்த முதல் கேள்வியை முடித்துவிட வேண்டும் என்று பார்க்கிறேன், முடியவில்லை. வியாழக்கிழமை கொட்டகையில் நவநாள் ஜெபம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது விண்ணரசி பின்னாலிருந்து தோளைத் தொட்டாள், அவள் பெண் ஷாலினியும் என் வகுப்புதான். "டீச்சர், எங்க ஷாலினி மூணே நிமிஷத்துல முடிச்சிட்டா. நான் பயந்துட்டேன், என்னடி வாசிச்சியா இல்லையான்னு. எதுக்கும்மா வாசிக்கணும், எல்லாத்துக்கும் முத விடைதான், டீச்சர் அப்படித்தான் வச்சிருக்காங்கங்கறா. அதைக் குரல் பதிவு போட்டு குரூப்பு முழுக்க அனுப்பியிருக்கா, கழுதை." சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன், வந்து குழம்புக்குப் புளி கரைக்கிறபோதுதான் கை நின்றது. அப்படியானால் நாற்பது பேர் கேள்வியைப் பார்க்கவே இல்லை. ஜெனிட்டா அந்தக் குரூப்பில் இல்லை. பிலோமியிடம் இருப்பது பட்டன் ஃபோன், பக்கத்து வீட்டு கௌரி தன் ஃபோனைக் கொடுத்துத்தான் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வருகிறது, பரீட்சையும் அதில்தான் எழுதியது. குரல் பதிவு அவளுக்குப் போகவில்லை. உட்கார்ந்து இருபது கேள்வியையும் வாசித்தது அந்த ஒரு பிள்ளைதான், தோற்றதும் அந்த ஒரு பிள்ளைதான். இதை வியாழக்கிழமை ராத்திரியே ஃபாதரிடம் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை காலையில் சொல்லியிருக்கலாம், அவர் கொட்டகை வாசலில் சிமெண்டு லாரிக்காரனோடு பேசிக்கொண்டு நின்றார், நான் கடந்துதான் போனேன், "ஸ்தோத்திரம் ஃபாதர்" என்றேன், "ஸ்தோத்திரம் டீச்சர், மறுபரீட்சைக் கேள்வி ரெடியா" என்றார், "ரெடி ஆயிட்டிருக்கு ஃபாதர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன். ஏனென்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின மாதம் அவர் சொன்னார், அடுத்த வருஷம் பி.எட். படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் டீச்சர், உங்களுக்கு உதவியாக. உதவியாக. அந்த வார்த்தையை நான் எத்தனை தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன், உள்ளே ஒன்றும் இல்லை, நல்ல மனசோடுதான் சொன்னார், இருந்தாலும் ராத்திரி விழித்தால் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. பத்தாவது தவறிய ஒரு பொம்பிளைக்குக் கேள்வித்தாள் வைக்கத் தெரியவில்லை என்று ஒரு காரணம் கிடைத்துவிட்டால் உதவிக்கு வருகிற பிள்ளைகளே வகுப்பை எடுத்துக்கொள்வார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை இருக்கும். மகன் மஸ்கட்டில், மகள் கோயம்புத்தூரில், ஞாயிறு மாலை நான்கு மணிக்கு என்னை டீச்சர் என்று கூப்பிட யார் இருப்பார்கள்.

"என்ன டீச்சரம்மா, ரோமாபுரிக்கு லெட்டரா" என்று இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்கிறார். பேப்பரைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு மாதிரிதான். பத்தாவது ரிசல்ட் அந்தக் காலத்தில் பேப்பரில் எண்ணாக வரும், எண் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் இல்லை. அப்பா விரலை வைத்துக்கொண்டே போனார், எனக்கு முந்தின எண் இருந்தது, அது லில்லி, எனக்கு அடுத்த எண் இருந்தது, அது தேன்மொழி, நடுவில் ஒரு ஆள் உட்காரக்கூட இடம் விடாமல் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு காலி இடமாவது விட்டிருக்கலாம் என்று அப்போது தோன்றியது. கணக்கில் மூன்று மார்க் குறைவு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பேப்பரை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். நாளைக்கு ஃபாதர் பெயர்களை வாசிக்கும்போது ஜெனட் ஜோசபின் என்பார், அடுத்து ஷாலினி என்பார், நடுவில் ஜெனிட்டாவுக்கு ஒரு மூச்சுக்கூட விட மாட்டார். "காது கேக்குதா" என்றார் இவர் மறுபடி. "கேக்குது, ஜெனிட்டாவுக்குப் பரீட்சை." "மில்லுக்காரப் பிலோமி மகளா. அந்தப் பிள்ளை நல்லாத்தானே மந்திரம் சொல்லும். ஏன் ஃபெயிலாக்குனே." நான் ஆக்கவில்லை, ஃபோன்தான் திருத்தியது என்று சொல்ல வாயெடுத்தேன். ஃபோனுக்கு எது சரி என்று தொட்டுக் காட்டியது யார். அவர் பேப்பரைப் புரட்டிவிட்டார், பதிலுக்கு நிற்கிற ஆள் இல்லை.

ஒவ்வொரு பிள்ளையும் என்ன போட்டது என்று தனியாகப் பார்க்கலாம், பிரின்சி அதையும் சொல்லிக்கொடுத்திருந்தாள், நான் இதுவரை பார்க்கவில்லை, பார்க்காமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஜெபமாலையை இடது கையில் சுற்றிக்கொண்டு வலது விரலால் தொட்டேன். ஜெனிட்டா, ஒன்பது. மோசேக்குப் பதிலாக நோவா. அது தப்புதான், நான் பூசி மெழுகவில்லை. இன்னும் இரண்டு பெயர்க் கேள்வி தப்பு. அதோடு மூன்று ஆயிற்று. அடுத்தது, கடவுள் எங்கே இருக்கிறார். எங்கும் என்று முதலில் வைத்திருக்கிறேன், அவள் நம் உள்ளத்தில் என்று தொட்டிருக்கிறாள், பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. நம் உள்ளத்தில் இல்லையா. நான்தானே வகுப்பில் நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன், கட்டத்துக்குள் நாற்பத்தொரு கையும் நெஞ்சுக்குப் போனதே, அந்த முழங்கால் தாத்தாகூட வைத்திருப்பார். அடுத்தது, ஜெபிப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும். சிலுவை அடையாளம் வரைய வேண்டும் என்பது என்னுடையது. சண்டை போட்டவரோடு சமாதானமாக வேண்டும் என்பது அவளுடையது. சிவப்பு. காணிக்கையைப் பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகு என்று ஆண்டவர் தாமே சொல்லியிருக்கிறார், ஃபோன் அவருக்கும் பெருக்கல் போட்டிருக்கும். ஐந்து அப்பத்தை எத்தனை பேர் சாப்பிட்டார்கள். ஐயாயிரம் பேர். அவள் ஐயாயிரத்துக்கும் மேல் என்று போட்டிருக்கிறாள். இதற்கு நான் எழுந்து போய் வேதப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், பெண்களும் பிள்ளைகளும் நீங்கலாக ஐயாயிரம் என்றுதான் மத்தேயு எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளை பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. நான் எண்ணவில்லை. ஞாயிறு பூசைக்கு ஏன் போகிறோம். கட்டளை என்பதால். அவள், எல்லோரையும் பார்க்க. சிவப்பு. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிலோமி ஷிப்ட் முடிந்து வருகிற வரைக்கும் ஒற்றை அறையில் தனியாக இருக்கிற பிள்ளை, பூசைக்கு எதற்குப் போவாளாம். நானேகூட எதற்குப் போகிறேன். இப்படியே எட்டு. எட்டையும் பார்க்கவில்லை, நாலைந்தோடு கண் கலங்கி எழுத்து ஒன்றோடொன்று கலந்துவிட்டது, ஆனால் எனக்குத் தெரியும், நான்தானே எழுதினேன், பெயர்க் கேள்விகள் தவிர எதற்குக் கீழேயும் பொய் கிடையாது. பொய் எழுதாத பரீட்சையில் உண்மையைத் தொட்ட பிள்ளையைத் தோற்கடித்திருக்கிறேன். அருள்நிறைந்த மரியே, எத்தனையாவது மணி இது, ஏழா எட்டா, விரல் நகர்ந்ததா இல்லையா. முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் ஏழா எட்டா.

பதினொன்றரைக்குப் பிரின்சி மறுபடி கூப்பிட்டாள், டீ இடைவேளை போலிருக்கிறது, பின்னால் ஒரே சத்தம். "முடிச்சியாம்மா." "முதல் கேள்வியிலேயே நிக்கிறேன்." "ஏன் இப்படி இழுக்கறே. ஈஸியா பத்து போடு, அந்தப் பிள்ளை பாஸாகட்டும், முடிஞ்சு போச்சு. யாருக்கும் எதுவும் தெரியப் போறதில்ல." "அதுக்குத் தெரியும்ல." "எதுக்கு?" "ஜெனிட்டாவுக்கு. நாப்பத்தோரு பேர்ல தான் மட்டும் மறுபரீட்சை எழுதினோம்னு அதுக்குத் தெரியும்ல." விண்ணரசி சொன்னதைக் காலையிலேயே அவளிடம் கொட்டியிருந்தேன். "அம்மா, நீ சொன்னா அந்த ஃபாதர் உன்னை வகுப்பிலேர்ந்து எடுத்துருவாரு. பரவாயில்லையா?" பரவாயில்லாமல் எப்படி இருக்கும். "டீ ஆறிடும், குடி" என்று வைத்துவிட்டேன். ஃபோனில் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது, மரியாள், அதற்குக் கீழே மூன்று வெற்றுக் கோடு. ஈஸியாகப் பத்து கேள்வி. அதைத்தான் காலையிலிருந்து செய்யப் பார்க்கிறேன், அந்தப் பிள்ளை மேலுள்ள பிரியத்தால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. பிரியமா அது. அவள் தேறிவிட்டால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அதுதான் அது. ஆண்டவரே, இதை நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர், வியாழக்கிழமையிலிருந்து. பயத்தில் ஜெபம் பண்ணினால் ஜெபம் மேலே போகாமல் நாக்கிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஜெபமாலையைக் கையிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தேன். ஃபாதர் பெயரைத் தொட்டேன். உடனே எடுத்துவிட்டார். "அனுப்பிட்டீங்களா டீச்சர்." "இல்ல ஃபாதர். அனுப்பப் போறதில்ல." "புரியல." "முதல் பரீட்சையில தப்பு பண்ணிட்டேன் ஃபாதர். சரியான விடை எல்லாத்தையும் முதல்ல வச்சிட்டேன்." "எல்லாத்தையுமா?" "இருபதையும். பிள்ளைங்க கண்டுபிடிச்சு குரூப்புல சொல்லிக்கிட்டாங்க. வாசிச்சு எழுதினது ஜெனிட்டா மட்டுந்தான். அவ போட்டதுலயும் எட்டு தப்பில்ல, நான் வச்ச விடைதான் சரியில்ல." "இது எப்பத் தெரியும் உங்களுக்கு." இதுதான் நான் பயந்த கேள்வி, இதற்கு ஒரே விடைதான். "வியாழக்கிழமை." அந்தப் பக்கம் சிமெண்டு கலக்குகிற மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. "நேத்து உங்களைக் கேட்டேனே டீச்சர்." "கேட்டீங்க ஃபாதர். சொல்லல." "நாப்பது வீட்டுக்கும் நான் இப்ப என்ன சொல்றது. சாப்பாட்டுக்குச் சொல்லியாச்சு, டிரெஸ் தச்சாச்சு." "யாரையும் நிறுத்த வேண்டாம் ஃபாதர். புதுநன்மைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் பேசுறேன்." "பேசி? மார்க் எப்படிப் போடுவீங்க." "அது தெரியல ஃபாதர்." "தெரியலன்னா எப்படி டீச்சர்." "பேசினா அதுங்களுக்குத் தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரிஞ்சுரும். மார்க்குதான் தெரியல." அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை, களைத்துப் போன குரலில்தான் சொன்னார். "நாளைக்குப் பேர் வாசிக்கல. நீங்க பேசுங்க. ஆனா இதைக் கோயில் பங்குப் பேரவையில நான் சொல்லித்தான் ஆகணும். அடுத்த வருஷம் வகுப்பு யாருக்குங்கறதை அப்புறம் பார்ப்போம்." "சரி ஃபாதர்." சரி என்றுதான் சொன்னேன். வைத்தபிறகு இவரைப் பார்த்தேன், பேப்பர் மடியில் கிடந்தது, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "முதல்ல யார் கூட" என்று மட்டும் கேட்டார்.

பிலோமி எண்ணுக்கு மணி போயிற்று. மில்லுக்குள்ளே ஃபோன் கொண்டுபோகக் கூடாது, அதனால் அவள் அதைப் பிள்ளையிடம் விட்டுவிட்டுப் போவாள். "அம்மா மில்லுக்குப் போயிருக்காங்க, ஆறு மணிக்கு மேல பேசுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைக்கப் போனது குரல். "ஜெனிட்டா, வைக்காதே. நான் அமலா டீச்சர்." "டீச்சர், ரெண்டு மணிக்குத்தானே. கௌரியக்கா ஃபோன் தர்றேன்னுட்டாங்க. இந்தத் தடவை நான் தப்பாப் போட மாட்டேன் டீச்சர், ஷாலினி நேத்து பள்ளிக்கூடத்துல சொல்லிட்டா, வாசிக்கவே வேண்டாமாம், எல்லாத்துக்கும் முத விடையாம்." நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். அதுவரைக்கும் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கிறேன் போலிருக்கிறது. "பரீட்சை கிடையாதும்மா. நீ நல்லாத்தான் எழுதியிருந்தே. டீச்சர்தான் விடையைத் தப்பா வச்சிட்டேன். ஃபாதர்கிட்டயும் சொல்லிட்டேன்." "அப்ப நான் ஃபெயில் இல்லையா டீச்சர்." "இல்ல." "அம்மாகிட்ட சொல்லலாமா." "சொல்லு, வந்ததும் சொல்லு. இப்ப என்கூடக் கொஞ்சம் பேசுறியா. அந்தப் பரீட்சையில எந்தக் கேள்வி உனக்குக் கஷ்டமா இருந்துச்சு." அவள் யோசிக்கிறது கேட்டது, பிள்ளைகள் யோசித்தால் ஃபோனிலும் கேட்கும், ஏதோ ஒரு டப்பா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "காவல் தூதர் கேள்விதான் டீச்சர், ஆண்டவர் நம்மளக் காக்க அனுப்புறவரு. அவர் எப்ப நம்மகூட இருப்பாருன்னு. எப்போதும்னு ஒண்ணு இருந்துச்சு. ரொம்ப நேரம் பாத்தேன். அப்புறம் தனியா இருக்கும்போதுன்னு போட்டுட்டேன்." "ஏன் அதைப் போட்டே." "மத்த நேரம் அம்மா இருக்காங்கல்ல டீச்சர். அப்ப அவரு வேற யாராச்சும் பிள்ளைகிட்டப் போலாம்ல." இருபத்திரண்டு வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். "டீச்சர்," என்றாள், "லைன்ல இருக்கீங்களா." "இருக்கேன்மா," என்றேன். "இன்னும் சொல்லு."